கோயில் வாசல் கரும்பலகை

காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் ஊருக்கு முதல் பஸ். அது வருவதற்குள் பலகையை எழுதி முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்தான் அதைப் படிக்கிறவர்கள். நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், பனைவிளைகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கிற ஊர். கோயில் வாசலும் பஸ் நிறுத்தமும் ஒன்றுதான். (எங்கள் பக்கம் சர்ச் என்று சொல்கிறவர்கள் குறைவு. கோயில்தான். மணியடிக்கிறவர் கோயில்பிள்ளை, குருவானவர் ஐயர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் குழம்பிப்போவார்கள்.) கேட்டின் இடதுபக்கத் தூணை ஒட்டி நாலடிக்கு மூன்றடியில் ஒரு கரும்பலகை இருக்கிறது. தினமும் அதில் ஒரு வசனம், கீழே இரண்டு மூன்று வரியில் ஒரு சிந்தனை. ஒன்பது வருஷமாக அதை எழுதுவது நான்.

நான் ஐயரும் இல்லை, உபதேசியாரும் இல்லை. பலகைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எழுதுகிறவனுக்கு இதைவிட வசதி கிடையாது. எந்த வசனத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், எதைப் பார்க்காமலே பஸ் ஏறுகிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துவிடும். பிரசங்கம் செய்கிற ஐயருக்குக்கூட அது தெரியாது. மரியாதைக்காக எல்லோரும் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு முன்னால் 31 வருஷம் எழுதியவர் எங்கள் தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஊரே அவரைச் சார்வாள் என்றுதான் கூப்பிடும். கண்ணில் புரை விழுந்து வரிகள் கோணத் தொடங்கியதும், 2016-இல் ஒருநாள் சாக்பீஸ் டப்பாவைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தார்.

“உன் கையெழுத்து நல்லா இருக்கு டே. நாளையிலேர்ந்து நீ எழுது.”

“எனக்கு வேதம் அவ்வளவா தெரியாதே சார்வாள்.”

“தெரிஞ்சவன்கிட்ட கொடுத்தா பெருசு பெருசா எழுதுவான். நீ எழுது.”

அவர் என்னிடம் கொடுத்ததற்கு ஒரு முன்கதை உண்டு. மும்பையில் ஒரு மளிகைக் கடையில் பல வருஷம் நின்றுவிட்டு, 2013-இல் கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் திரும்பியிருந்தேன். துபாய்க்குப் போவதாக ஒரு ஏற்பாடு. ஏஜென்ட்டுக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. அந்த வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல வாக்குத்தத்த அட்டை எடுத்தோம், புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த அட்டை. தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று. எனக்கு வந்தது எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.”

எதிர்பார்த்திருக்கும் முடிவு! எனக்கு அது விசாவேதான். அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். மார்ச் மாதம் ஏஜென்ட்டின் போன் அணைந்தது. அப்புறம் எரியவே இல்லை.

அந்தக் கோபத்தில் நான் கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தேன். சார்வாள் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல்வசனம் படிச்சியா?” என்றார். படித்திருக்கவில்லை. அட்டையில் மேல்வசனம் இருக்காது. அவர் வேதத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார்.

பத்தாம் வசனத்தில் இருப்பது 70 வருஷக் கணக்கு. கி.மு. 597-இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தர் பெயரிலேயே சொல்கிறான். ஜனங்களுக்கு எதைக் கேட்கப் பிடித்திருக்கும்? அனனியாவைத்தான். எரேமியாவோ, எழுபது ஆகும், அதுவரைக்கும் “நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்” என்று எழுதுகிறார். அதோடு விடவில்லை. பிடித்துக்கொண்டு போன ஊரின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணச் சொல்கிறார். பதினோராம் வசனத்தின் ‘சமாதானம்’ அந்த ஏழாம் வசனத்துச் சமாதானத்திலிருந்து வருகிறது.

கடிதத்தைக் கேட்டவர்களில் நாற்பது வயதுக்காரன் ஒருவன் இருந்திருந்தால், அவன் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க வழியில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் அந்த வசனம்.

சார்வாள் போகும்போது, “உனக்கு இந்த ஊருதான் பாபிலோன்னு தோணுதுன்னா, இங்கயே ஒரு தோட்டத்தைப் போடு” என்றார். சொந்த ஊரே பாபிலோனாகத் தோன்றிய காலம் அது. முதலில் புறவாசலில் ஒரு முருங்கைக் கம்பை ஊன்றினேன். ஆறு மாதம் கழித்துக் கடனுக்கு ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷின். வேத வசனத்தைப் படிக்கிற விதத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்: மேலே ஒன்று, கீழே ஒன்று. முடிந்தால் அதிகாரம் முழுக்க. முடியாவிட்டால் முன்னும் பின்னும் அஞ்சு வசனமாவது. வாக்குத்தத்த அட்டைக்கு நான் எதிரி இல்லை. இன்றும் எடுக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரத்தைப் பிரித்துவிடுவேன்.

சரி, பலகைக்கு வருகிறேன்.

முதல் வருஷம் நான் செய்தது எல்லாமே தப்பு. ஒரு நீள நோட்டுப் போட்டு, 365 நாளுக்கும் வசனமும் சிந்தனையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டேன். கூட்டங்களில் கேட்டது, நாட்காட்டித் தாளில் படித்தது, போனில் வந்தது எல்லாம் அதில் இருந்தது. தினமும் காலையில் அதைப் பார்த்துக் காப்பி எடுப்பேன். ஜெராக்ஸ்காரன் புத்தி. பத்துப் பன்னிரண்டு வரி வரும். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முதல் வரியோடு திரும்பிவிடுவார்கள்.

ஒருநாள் சார்வாளே வந்து நின்று பார்த்தார். கண் தெரியாத மனுஷன். “அஞ்சாறு அடி தள்ளி நின்னா எனக்குத் தெரியுற அளவுக்கு எழுது. அவ்வளவுக்கு எத்தனை சொல் புடிக்குமோ அவ்வளவுதான் உனக்கு” என்றார். எண்ணிப் பார்த்தேன். வசனம் போக, முப்பது சொல். அன்றிலிருந்து முப்பதுதான் என் படி. சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து எழுதினால் எழுத்து திக்காக வரும், காற்றுக்கு உதிராது என்பதும் அவர் சொன்னதுதான். எங்கள் செம்மணல் தேரிக்காட்டு ஆடிக் காற்றில் இதன் அருமை தெரியும்.

முப்பது சொல்லில் எழுத ஆரம்பித்ததும் எனக்கே ஒன்று வெளிச்சமானது. ‘ஆகவே பிரியமானவர்களே’, ‘நாமும் இன்று நம்மை ஒப்புக்கொடுப்போமாக’ மாதிரியான வரிகளெல்லாம் தானாகவே உதிர்ந்துபோயின. ஐந்து வரியை நிரப்பியிருந்தவை அவைதான். அவற்றை எடுத்த பிறகு பல நாள் எழுத ஒன்றுமே மிஞ்சாது. மிஞ்சாத அன்று வசனத்தை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுவேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

நோட்டை மூடிய கதை வேறு. அது வேதனையான கதை, அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒரு சின்னச் சண்டை.

ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரு விளையின் எல்லைக்கல்லைப் பற்றித் தகராறு. நியாயம் தம்பி பக்கம் என்று எனக்கு ஒரு எண்ணம். நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. நீதிமொழிகள் 22:28-ஐப் பலகையில் எழுதினேன்: “உன் பிதாக்கள் நாட்டின பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே.” கீழே சிந்தனை எதுவும் போடவில்லை. வசனம்தானே, நானா சொன்னேன் என்று ஒரு சாமர்த்தியம். எட்டு மணிக்கு அண்ணன்காரர் கடைக்கு வந்தார். “பலகையில என் பேரையும் போட்டிருக்கலாமே” என்றார். பத்து மணிக்குத் தம்பிக்காரர் வந்து அதே பலகையைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போய் அண்ணன் வீட்டு வாசலில் நின்று காட்டினார். அது வரைக்கும் வாய்ப்பேச்சாக இருந்தது அன்று கைகலப்பானது. சேகரகுரு (சுற்றுவட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான ஐயர்) என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தேவனுடைய வார்த்தை இருபுறமும் கருக்குள்ள எந்தப் பட்டயத்தைவிடவும் கூர்மையானது என்று எபிரெயர் புத்தகத்தில் இருக்கிறது. அதை அடுத்தவன் முதுகில் குத்துவதற்கு நான் எடுத்திருந்தேன்.

அதன்பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஒரு வசனத்தைப் படித்ததும் ஊரில் வேறொருவர் முகம் நினைவுக்கு வந்தால் அன்று அந்த வசனத்தை எழுதமாட்டேன். என் முகம் வருகிறவரைக்கும் அது எழுதாமலே கிடக்கட்டும். எல்லைக்கல் வசனம் எனக்கு உறைப்பதற்கு ஒரு வருஷம் ஆனது. என் கடைப் பலகையை நான் ரோட்டுப் புறம்போக்கில் இரண்டடி தள்ளிப் போட்டிருந்தேன்.

இப்போது அந்த வேதனையான கதை.

2017-இல் எங்கள் தெருவிலேயே ஒரு பையன். சென்னையில் வேலை. பைக் விபத்தில் இறந்துபோனான். இருபத்துநாலு வயது. ராத்திரி தகவல் வந்தது. உடல் விடிகாலை வரும் என்றார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், காலையில் பழக்கத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அன்றைய பக்கத்தில் இருந்ததை எழுதினேன். ரோமர் 8:28. “அவருடைய தீர்மானத்தின்படி அழைக்கப்பட்டவர்களாய் தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று அறிந்திருக்கிறோம்.” அதில் ‘சகலமும்’ என்ற சொல்லுக்கு மட்டும் மஞ்சள் சாக்பீஸ். கீழே என் சிந்தனை: நடக்கிற எல்லாமே நம் நன்மைக்குத்தான், முறுமுறுக்க வேண்டாம்.

ஆம்புலன்ஸ் கோயில் வாசலில்தான் நின்றது. தெருவுக்குள் திரும்ப முடியவில்லை. அவன் அம்மா இறங்கி, ஒரு கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். கண் பலகையில் இருந்தது. படித்தார்களா, வெறுமனே பார்த்தார்களா, தெரியாது. நான் கடையிலிருந்து ஓடிவந்து கையாலேயே அழித்தேன். மஞ்சள் மட்டும் சரியாக அழியவில்லை. ‘சகலமும்’ என்று மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றித் தேய்த்தேன்.

அன்று சாயங்காலம் சார்வாளிடம் போய், நாளைக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “ஒண்ணும் எழுதாத” என்றார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் செய்த ஒரே நல்ல காரியம், வந்த முதல் ஏழு நாள் ராத்திரியும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்ததுதான் என்றார். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. “நீ திறந்துட்ட. இப்ப மூடு.”

ஏழு நாள் தாண்டியும் பலகை வெறுமையாகவே இருந்தது. துடைத்து மட்டும் வைப்பேன். பஸ்ஸுக்கு நின்ற ஒன்றிரண்டு பேர் ஏன் என்று கேட்டார்கள். மற்றவர்கள் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அந்த அம்மாவே கடைக்கு வந்தார்கள், இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க. எத்தனை காப்பி என்று கேட்க எனக்குக் குரல் வரவில்லை. அவர்கள்தான் பேசினார்கள். “என்ன யய்யா, பலகையில ஒண்ணும் எழுதல?”

“என்ன எழுதன்னு தெரியல, சித்தி.”

“ஏதாச்சும் எழுது. வெறுசா கிடக்கதப் பாத்தா, அவரும் பேச்ச நிறுத்திட்டாரோன்னு இருக்கு.”

மறுநாள் சங்கீதம் 13 எழுதினேன். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” கீழே ஒன்றும் இல்லை. சபையில் ஒருவர் ஐயரிடம் போய், கோயில் வாசலில் இப்படி அவிசுவாசமாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். ஐயர், “தாவீது எழுதிட்டுப் போயிட்டார், நாம என்ன செய்ய?” என்றாராம். அந்த அம்மா அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து அதன் எதிரே நின்று பஸ் ஏறினார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேதத்தில் புலம்பலுக்கு என்று ஒரு புத்தகமே இருக்கிறது. சங்கீதங்களில் முறையீடுகள் ஏராளம். 88-ஆம் சங்கீதம் கடைசி வசனம் வரைக்கும் வெளிச்சமே இல்லாமல் முடிகிறது. அதை நாம் அட்டையில் அச்சடிப்பதில்லை.

ரோமர் எட்டை நான் அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். இருபத்தெட்டுக்கு மேலே ஆறு வசனம் ஏறினால் சர்வ சிருஷ்டியும் பிரசவவேதனைப்படுகிறது என்று இருக்கிறது. இருபத்தாறில் ஆவியானவரே “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” வேண்டுதல்செய்கிறார். அவருக்கே வார்த்தை வரவில்லை என்கிற இடத்தைத் தாண்டித்தான் பவுல் ‘சகலமும்’ என்ற சொல்லுக்கு வந்து சேருகிறார். நான் பெருமூச்சைத் தாண்டிக் குதித்திருந்தேன். இன்று வரை அந்த வசனத்தை நான் பலகையில் எழுதவில்லை. தனியாக இருக்கும்போது, எனக்கே சொல்லிக்கொள்வது உண்டு. ஆனால் அடுத்தவர் துக்கத்துக்கு நேராக நீட்டுவதற்கு எனக்குக் கை வராது.

அந்த வாரம்தான் நோட்டைக் கட்டிப் பரணில் போட்டேன்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஒரு அதிகாரம் வாசிப்போம், அது வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். அதில் எங்கேயாவது ஒரு சொல் இடறும். இடறினதை மனதில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவேன். காலையில் பலகையைத் துடைக்கும்போதும் அது நினைவில் இருந்தால் அதுதான் அன்றைய வசனம். மறந்துபோனால் அது எனக்கானது இல்லை என்று விட்டுவிடுவேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா மாதிரிதான். ஆளுக்கு ஒரு ஓமேர் அளவு, அன்றன்றைக்கு. மீதி வைத்தால் பூச்சிபிடித்து நாறும் என்று யாத்திராகமம் பதினாறில் இருக்கிறது. என் 365 நாள் நோட்டு நாறியதைத்தான் நீங்கள் படித்துவிட்டீர்களே.

இடறுவது என்றால் என்ன? ஒரு உதாரணம் சொல்கிறேன். இருபத்துமூன்றாம் சங்கீதம் எனக்கு ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம். நாற்பது வயதுக்கு மேல் ஒருநாள் ராத்திரி என் மகள் மெதுவாக வாசிக்கும்போதுதான் கேட்டது. “அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து” என்று ஆரம்பத்தில் எல்லாம் ‘அவர்’, ‘அவர்’ என்றே போகிறது. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று மாறிவிடுகிறது. மறுநாள் பலகையில் எழுதினேன்: ‘புல்வெளியில் அவர் என்றான். இருட்டுக்குள் வந்ததும் தேவரீர் என்கிறான். தூரத்தில் இருப்பவரைப் பற்றிப் பேசலாம். பக்கத்தில் இருப்பவரோடுதான் பேச வரும்.’ கல்லூரிக்குப் போகிற ஒரு பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டிருந்தால் எழுதியிருக்கமாட்டாள்.

பரீட்சைக் காலத்தில் பிலிப்பியர் 4:13 எழுதச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” எழுதுவேன். ஆனால் மேல்வசனத்தையும் சேர்த்துத்தான்: “தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்.” ரிசல்ட் வருகிற அன்றும் அதே வசனத்தைத் திரும்ப எழுதுவேன். தோற்ற பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் போகவேண்டும்.

2020 மார்ச் 25 ஊரடங்கு. பஸ் இல்லை, கோயில் பூட்டு, கடை அடைப்பு. பலகைக்கு இரண்டே வாசகர்கள். பால்காரரும் ரோந்து வருகிற போலீஸ்காரரும். மூன்றாவது வாரம் எனக்கே எல்லாம் வெறுத்துப்போனது. அப்போது எங்கள் வாசிப்பு முதலாம் இராஜாக்கள் பத்தொன்பதில் இருந்தது. எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து “போதும் கர்த்தாவே” என்கிறான். தேவதூதன் வந்து ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. தட்டி எழுப்பி “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு அவன் திரும்பவும் படுத்துக்கொள்கிறான், அதற்கும் திட்டு இல்லை. அதை எழுதினேன். கோயில்பிள்ளையின் மனைவி மறுநாள் எங்கள் வீட்டுக்கு முருங்கைக்கீரை அடை கொடுத்துவிட்டார்கள். வேத விளக்கத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே சன்மானம் அது.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோயில்களில் வாசிப்பது ஹென்றி பவர் என்ற மிஷனெரி ஐயர் தலைமையில் திருத்தி 1871-இல் வந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்த வேதாகமம். ‘போஜனம்பண்ணு’, ‘அதினதின்’, ‘நாளையத்தினம்’ எல்லாம் அந்தக் காலத்துத் தமிழ். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று சில நாள் 1995-இல் வந்த திருவிவிலியத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். மத்தேயு 6:34-ஐப் பழையது “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்று முடிக்கிறது. புதியது “அந்தந்த நாளுக்கு அன்றன்றுள்ள தொல்லையே போதும்” என்கிறது. புதியதில் அர்த்தம் உடனே விளங்குகிறது. பழையது வாயில் நிற்கிறது. நான் இப்போது பழையதை எழுதி, கீழே முப்பது சொல்லில் இரண்டு சொல்லை அர்த்தத்துக்குச் செலவழிக்கிறேன். எல்லோருக்கும் இது சரிப்படும் என்று சொல்லமாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு எழுதினால் புதியதைத்தான் எடுப்பேன்.

போன மாதம் அந்த வசனத்தையே எழுதியிருந்தேன். ‘பாடு என்றால் துன்பம். நாளைய துன்பத்தை இன்றே இழுத்துப் போட்டுச் சுமக்காதே’ என்று கீழே. ஒன்பது மணி பஸ்ஸில் மணப்பாட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற ஒரு அக்கா இறங்கினார்கள். ஆர்.சி. சபைக்காரர். எங்கள் பலகையைத் தினமும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படித்தார்கள். முதல் வரியோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“அண்ணாச்சி, எங்க கதைய எழுதிட்டியளே.”

“என்ன கதை?”

“நேத்து வலையில பாடே இல்ல. வெறுங்கையோட வந்தாவ. இன்னைக்கு நல்ல பாடு. அந்தந்த நாளுக்கு அந்தந்தப் பாடு. அது போதும்தானே?”

கடற்கரையில் பாடு என்றால் வலையில் விழுந்தது, மீன்பாடு. அது எனக்குத் தெரியாததில்லை, வசனத்தோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. அக்கா, இங்கே பாடு என்றால் துன்பம், மூலத்திலேயே அப்படித்தான் என்று விளக்க வாயெடுத்தேன். அதே ஆறாம் அதிகாரத்தின் நடுவில் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று ஒரு ஜெபம் இருப்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சார்வாளுக்கு இப்போது பார்வை சுத்தமாக இல்லை. தினமும் பத்து மணிக்குப் போன் செய்வார், இன்றைக்கு என்ன வசனம் என்று. நான் படிப்பேன். அவர் மேல்வசனத்தையும் கீழ்வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போனை வைப்பார். அன்று வசனத்தைப் படித்துவிட்டு, மீன்கார அக்கா சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

“31 வருஷம் எழுதியிருக்கேன் டே. ஒரு நாளாவது எனக்கு மீன் ஞாபகம் வரலியே.”

“எனக்கும்தான், சார்வாள்.”

“என்ன மீன் கொண்டுவந்திருக்கா?”

“சாளை.”

“ரெண்டு கூறு வாங்கிக் கொடுத்துவிடு.”